பதினோரு விநாடி

மழைக்குப் பயந்து கடைக்குள் ஓடி வந்தவள், வந்த வேகத்தில் தீனதயாளனின் காபியைத் தட்டிவிட்டாள். மேசை மேல் இருந்த டேப்லெட் தப்பித்தது. அவன் சட்டை தப்பிக்கவில்லை.

'பார்த்து வர மாட்டீங்களா' என்று கேட்கத்தான் நிமிர்ந்தான். ஆனால்... இமையில் ஒரு துளி நீர் விழலாமா வேண்டாமா என்று நிற்க, அந்தக் கண்கள் ஒரே நேரத்தில் மன்னிப்பும் கேட்டுச் சிரிப்பையும் அடக்கிக்கொண்டால், எந்த ஆண்பிள்ளைக்குக் கோபம் வரும்? இவனுக்கும் வரவில்லை.

மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கலைவாணன் நகைக்கடை அது. தீனதயாளன் அங்கே நகை வாங்க வரவில்லை. நாவலூரில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி, வாயால் சொன்னால் நகையை வரைந்து காட்டும் ஏஐ ஆப் ஒன்றைச் செய்திருந்தது. அதைப் புதியவர்கள் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு போய்ச் சரிசெய்வதுதான் அவன் வேலை. அன்று வரவேண்டிய அம்மாள் மழை என்று சொல்லி வரவில்லை. அதே மழை இவளைக் கொண்டுவந்து விட்டிருந்தது...

இருபது நிமிடம் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். சட்டைக்கு ஈடாகத் தருவதாகச் சொல்லி அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பெயர் பிரிசில்லா. கேளம்பாக்கத்தில் பிசியோதெரபிஸ்ட். கடப்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் போக பஸ் மாறுவதற்காக இறங்கியவள்.

சோதனை நடக்கும்போது உதவக் கூடாது, பேசக் கூடாது. அவன் தொழிலின் முதல் விதி. ஆப்பைப் பயன்படுத்திப் பார்ப்பவர் மட்டும் மனதில் தோன்றுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குரலும் திரையும் பதிவாகும். பிரிசில்லாவுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. "மழை மாதிரி ஒரு கம்மல்" என்று கேட்டாள். ஆப் சற்று யோசித்து, இரண்டு குடைகள் தொங்கும் கம்மலை வரைந்தது.

"இன்னா சார் இது... இத மாட்டினு போனா காது மட்டும் நனையாது போல."

சிரிக்கக் கூடாது என்பதும் விதிதான். தீனதயாளன் சட்டைக் கறையைக் குனிந்து பார்த்து ஒருவழியாகச் சமாளித்தான். ஐயோ, இந்த இருபது நிமிடம் இன்னும் கொஞ்சம் நீளாதா...

நீளவில்லை. தை மாதம் அக்கா ஷாரோனுக்குக் கல்யாணம், தாலி இன்னும் அமையவில்லை, இதிலேயே பார்த்துவிடலாமே என்று சொல்லிக்கொண்டே அவள் 'தாலி' என்ற இடத்தைத் தொட்டாள். 'உங்கள் சமூகத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு பட்டியல் விரிந்தது. அவள் விரல் மெல்லக் கீழே இறங்கியது. கடைசியில் 'மற்றவை' என்று இருந்த இடத்தில் நின்றுவிட்டது. அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த குரலும் நின்றது.

"இத யாரு வச்சது?"

"நான்தான்." அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆளாளுக்குத் தாலி வேறு வேறு, கடைகளிலும் முதலில் இதைத்தானே கேட்கிறார்கள், திரையை ஒன்பது தடவை தட்ட வேண்டியது இதனால் இரண்டாகக் குறைகிறது என்று விதியை மீறி விளக்கினான்.

"கடைக்காரரு கேட்டா எழுந்து வேற கடைக்குப் போய்டுவோம் சார். எங்கப்பா அப்டி மூணு கடை ஏறி எறங்கிட்டாரு. இதுலயுமா?"

டேப்லெட்டை மெதுவாக வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள். குடை தருகிறேன் என்று கடைக்காரர் கலைவாணன் கூப்பிட்டதைக் கூட அவள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் பதிவைப் போட்டுப் பார்த்தான். அந்தப் பட்டியலில் அவள் பேசாமல் இருந்தது பதினோரு விநாடி. பழைய முப்பத்தோரு பதிவுகளையும் எடுத்துப் பார்த்தான். ஏழு பேர் அதே இடத்தில் அப்படியே நின்றிருந்தார்கள். அத்தனைக்கும் நேரே, தன் கையாலேயே 'தடங்கல் இல்லை' என்று எழுதியிருந்தான். வெட்கமாக இருந்தது. மனிதர்கள் தடுமாறுவதைக் கவனிக்கச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது தெரியாமல் போயிற்றே...

அந்தப் பட்டியலை எடுத்துவிட வேண்டும் என்று மேலாளர் வசுமதியிடம் போய் நின்றான். கடைக்காரர்களுக்குப் பிடித்த திரை அதுதான் என்றாள் அவள். பட்டியல் இருந்தால் சோதனை அறிக்கையில் என் கையெழுத்து இருக்காது என்று சொல்லிவிட்டான். பேச்சு நான்கு நாள் இழுத்தது. கடைசியில், வேறு வழி செய்து காட்டு பார்க்கலாம் என்று வசுமதி இறங்கி வந்தாள். கேள்வியே இல்லாத புதுத் திரை ஒன்றைச் செய்தான். தாலியில் என்னென்ன வேண்டும் என்று அவரவரே சொல்லலாம், விரலால் வரையலாம். பன்னிரண்டு பேர் அதைத் தடங்கலில்லாமல் கடந்தார்கள். அவன் மனசு மட்டும் பதின்மூன்றாவது ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

படிவத்தில் அவள் நம்பர் இருந்தது. ஆனால் சோதனைக்குத் தவிர வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது. 'மறுசோதனைக்கு அதே கடைக்கு அழைக்கிறோம். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டோம். தவறு என்னுடையது' என்று மட்டும் அனுப்பினான். ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் அவன் போனைப் பார்த்த பார்வையை அந்தப் போன் மட்டுமே அறியும்...

பத்தாம் நாள் சனிக்கிழமை, வெயில் இதமாக அடித்த மாலையில், அவன் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்த அதே நகைக்கடைக்கு அவள் வந்தாள். வணக்கம் கூடச் சொல்லாமல் உட்கார்ந்து டேப்லெட்டை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு புறா... நடுவுல சிலுவை. சின்னதா இருக்கணும், அக்கா கழுத்து மெலிசு."

திரையில் அது மெல்ல உருவானது. புறாவின் இறக்கையைத் தன் விரலால் கொஞ்சம் தாழ்த்தினாள். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய கண்கள் நிறைந்துவிட்டன.

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கடற்கரை வரைக்கும் நடக்கலாமா என்று கேட்டான். வந்தாள். காற்று அவள் துப்பட்டாவை அவன் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. அவள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"இது டெஸ்ட் இல்லைங்க... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. வூட்லயும் சொல்லிட்டேன்."

அவள் நடை நின்றது. "இன்னா ஆளுங்கன்னு கேட்டிருப்பாங்களே?"

"அம்மா மொதல்ல அதத்தான் கேட்டாங்க. தெரியாது, தெரிஞ்சிக்கவும் போறதில்லன்னு சொல்லிட்டேன்."

"தெரியாம புடிக்கிறது ஈஸிங்க. தெரிஞ்சும் புடிக்கணும்." அவனை நேராகப் பார்த்தாள். "எங்க தாத்தா அடுத்தவங்க நெலத்துல கூலிக்கு நட்டவரு. அந்த நெலத்துக்காரரு வூட்டு வாசப்படிய அவரு ஒரு நாள் கூட ஏறினதில்ல. இப்ப சொல்லுங்க."

தன் முகத்தில் அவள் எதையோ தேடுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அந்த மாதிரி வாசப்படி எங்க வூட்லயும் கீது, பிரிசில்லா. அம்மா நாலு நாளா எங்கிட்ட பேசல. உங்கள அந்தப் படியேத்திக் கூட்டினு போவேன். வேணாம்னு சொன்னாங்கன்னா, நானும் ஏற மாட்டேன்."

அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. இன்னோர் அலையும் வந்து போனது.

"அன்னிக்கு ஏன் அவ்ளோ கோவம் வந்துச்சு தெரியுமா?" என்றாள் கடைசியில், கடலைப் பார்த்தபடி. "வேற யாராச்சும் அத வச்சிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நீங்க வச்சதுன்னு சொன்னதும்தான் அழுகை வந்துச்சு. அதுக்குள்ளயே எனக்கு உங்களப் புடிச்சுப் போச்சு, தயா."