குறையாத தண்ணீர்

சட்டியில் தண்ணீர் குறையவில்லை.

முதல் நாள் பொழுதுபடும்போது விளிம்பு வரை ஊற்றிவைத்தது, காலையில் செபஸ்தியம்மா கதவைத் திறந்தபோதும் விளிம்பு வரையே நின்றது. ராத்திரிக் காற்றில் பறந்து வந்த ஒரு சருகு அதன்மேல் மிதந்தது. பக்கத்துத் தட்டில் வைத்த சோறும் நெத்தலித் தலையும் அப்படியே இருந்தன. நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் மலையா சரிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்தச் சட்டியைத் தாண்டிப் போக அவளுக்குக் கால் வரவில்லை.

நாயின் பெயர் சின்னதொரை. தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியை அப்படித்தான் சொல்வார்கள். இவனும் மழை பெய்தால் படியிறங்க மாட்டான், ஈரப்புல்லில் கால் வைக்க மாட்டான், சோறு ஆறிப்போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிறகு வேறு என்ன பெயர் வைப்பது? நிஜச் சின்னதுரை தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கம் வரும்போது மட்டும் அவள் அவனை "கருப்பா" என்று மரியாதையாகக் கூப்பிடுவாள்.

புருஷனும் போய், பிள்ளையும் இல்லாத செபஸ்தியம்மாவுக்கு அந்த நாய்தான் வீடு. ஞாயிறுதோறும் வெந்நீரில் குளிப்பாட்டி, உண்ணி பொறுக்கி மண்ணெண்ணெயில் போடுவாள். கோழி எலும்பு தொண்டையில் குத்தும் என்று ஒரு துண்டுகூடப் போடமாட்டாள். பூச்சி மருந்தைப் பதுளைக்குப் போய் வாங்கி வருவாள். ஒரு மாதத்துக்கு முன்னால் காட்டோரத்தில் எதனுடனோ சண்டை போட்டுக் காது கிழிந்து வந்தபோது, மஞ்சள் வைத்து மஞ்சள் வைத்து ஆற்றினாள். எல்லாம் செய்தாள் பாவம். ஒன்றே ஒன்றைத்தான் செய்யவில்லை.

நாய்க்கு வெறி பிடிக்காமலிருக்க விசர்நாய் ஊசி போட ஆட்கள் வந்தது போன வருஷம், ஒரு புதன்கிழமை. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், காலை பத்து மணிக்கு. கொழுந்து பறிக்கப் போன தாய்மார் விட்டுச்சென்ற பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவத்தில் அவள்தான் ஆயா. பத்து மணி என்றால் பால் கொடுக்கும் நேரம். பன்னிரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? ஊசி போட்ட நாய்களுக்கெல்லாம் கழுத்தில் சிவப்புப் பட்டி கட்டினார்கள். பட்டி இல்லாத நாய் மடுவத்துப் பக்கம் வந்தால் விரட்ட வேண்டும் என்று ஆபீசிலிருந்து உத்தரவும் வந்தது.

அந்த வாரமே அடுத்த லயத்து இராமையாவின் நாய் பெரகல ரோட்டில் லொறியில் அடிபட்டுச் செத்தது. அதன் பட்டி வேலிக்கம்பியில் தொங்கிக் கிடந்தது. செபஸ்தியம்மா அதை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவிச் சின்னதொரையின் கழுத்தில் கட்டினாள். அடுத்த தடவை நிஜமாகவே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

அன்று காலை அவன் வாசல் திண்ணையில் போட்டிருந்த பலகைக் கட்டிலுக்கு அடியில் கிடந்தான். கூப்பிட்டதும் தலையைத் தூக்கிக் குரைத்தான். அது அவன் குரல் இல்லை. கரகரத்து, நடுவில் உடைந்து, வேறு யாரோ அவன் தொண்டைக்குள் உட்கார்ந்து குரைப்பதுபோல இருந்தது. கடைவாயில் எச்சில் நூலாக இறங்கியது.

"முள்ளு கிள்ளு சிக்கியிருக்கும் செபஸ்தி, வாய்க்குள்ள கைய விட்டுப் பாரு" என்றார் பக்கத்துக் காம்பரா யாகோப்பு அண்ணன்.

அவளும் விரலை விட்டுப் பார்த்தாள். முள் இல்லை. பல் பட்டு விரலில் ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம். அந்த விரலைக் கழுவத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் சட்டியில் விழுந்த சத்தத்துக்குச் சின்னதொரை சுவரோடு சுவராக ஒடுங்கினான். தாகத்தில் நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கண் சட்டியை விட்டு அகலவில்லை. கழுத்து மட்டும் முறுக்கிக்கொண்டு பின்னால் போனது.

அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்ததும் அவள் நெஞ்சு நாய்க்காக அடித்துக்கொள்ளவில்லை. முந்தாநாள் மடுவத்து வாசலில், கலாராணியின் மகள் நிலக்ஷனா, மூன்று வயது, சரளைக்கல்லில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதாள். சின்னதொரை ஓடிவந்து அந்தக் காயத்தை நக்கினான். செபஸ்தியம்மா சிரித்துக்கொண்டே அவனை விரட்டி, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான், துடைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விறகுக் கொட்டகைக்குள் அவன் செத்துக் கிடந்தான். யாகோப்பு அண்ணன் குழி வெட்டினார்.

"பட்டி கட்டுன நாய்தானே, அந்த வியாதியா இருக்காது. பில்லுக்கு அடிக்கிற மருந்தத் தின்னுருக்கும்" என்றார்.

அவள் குழிக்குள் மண்ணைத் தள்ளினாள். சிவப்புப் பட்டியோடுதான் அவனைப் புதைத்தார்கள்.

மறுநாள் பிரஷர் கிளினிக் என்று லயத்தில் சொல்லிவிட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். றின்ஸா என்ற நர்ஸ் பிள்ளை விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"நாய் இருக்கா அம்மா?"

"ரோட்டு நாய்ங்க. ஓடிப்போச்சு."

"வேற யாரையும் கடிச்சிச்சா? கீறிச்சா? புண்ணு இருக்கிற எடத்துல நக்கினாலும் வரும். அப்படி யாரும் இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க, காப்பாத்திரலாம். காயம் பட்ட எடத்துல குறுகுறுப்பு வந்து, தண்ணியக் கண்டு பயப்படத் தொடங்கிட்டா, அதுக்கு மேல யார் கையிலயும் ஒண்ணும் இல்ல."

செபஸ்தியம்மாவின் வாய் திறந்தது. நிலக்ஷனா என்று சொன்னால் எந்த நாய் என்று கேட்பார்கள். எந்த நாய் என்றால் பட்டி எப்படி வந்தது என்று கேட்பார்கள். செத்த நாயின் பட்டியைக் கட்டி, பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நாயை உலவவிட்ட ஆயாவை எந்தத் தாய் மன்னிப்பாள்? மடுவமும் போய்விட்டால் அவளுக்கு மிஞ்சுவது நான்கு சுவரும் காலிச் சட்டியும்தான்.

"இல்லங்க, வேற யாரும் இல்ல" என்றாள்.

ஊசிக்காக நான்கு தடவை பதுளைக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று பஸ் ஏறினாள். ஒவ்வொரு தடவையும் கையை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பினாள். திரும்பும்போது நிலக்ஷனாவுக்குப் பிஸ்கட் வாங்கினாள், பண்டாரவளையில் இறங்கி ஒரு கம்பளிச் சட்டைகூட வாங்கினாள்.

"எம்புள்ளைய ஒங்க புள்ளையாட்டம் பாத்துக்கிறீங்க அக்கா. நீங்க நல்லாருக்கணும்" என்றாள் கலாராணி.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாட்கள் போயின. பத்து மணி ஆனால் பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார, பால் கோப்பைகளைக் கொடுத்துவிட்டு, செபஸ்தியம்மா நிலக்ஷனாவின் தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு மிடறு. இரண்டு. மூன்று. கோப்பை காலியாகி, மேலுதட்டில் பால் மீசையோடு அந்தக் குழந்தை சிரிக்கும்போதுதான் அவளுக்கு மூச்சு வரும். அந்தோனியாரே, இன்றைக்கும் காப்பாற்றினீர் என்பாள். ஐந்து வாரம் கழிந்தது. ஆறு. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, சும்மா பயந்தேன் என்று நம்பத் தொடங்கினாள்.

ஆனால் சட்டியை அவள் இன்னும் எடுக்கவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு சாயங்காலம் தண்ணீரும் ஊற்றிவிட்டாள். பனிமூட்டம் லயத்து வாசல் வரை வந்து நின்ற நேரம், விறகுப் புகையும் ஈரமண்ணும் மணத்த நேரம், அடுப்படியில் நின்றவளுக்கு வெளியே சளப், சளப் என்று நாக்கால் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது, அவசரமே இல்லாமல், நெடுநாள் தாகம் தீர்ப்பதுபோல. ஓடிவந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சட்டியைக் கவிழ்த்தாள். மறுநாளும் அந்தச் சத்தம் கேட்டது.

ஏழாவது வாரம், திங்கட்கிழமை, கலாராணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு நாளாக் காய்ச்சல் அக்கா. நேத்திலேருந்து சரியாச் சாப்புடவும் இல்ல. இன்னிக்கு நின்னா பேரு போயிரும், அதான். கொஞ்சம் பாத்துக்குங்க. முட்டிய வேற சொறிஞ்சுகிட்டே இருக்கு. பாத்தா ஒண்ணுமே இல்ல."

ஒரு நாள் பேரை, அந்த நாள் சம்பளத்தை, இழக்க முடியாதவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பனிக்குள் நடந்தாள். செபஸ்தியம்மா குனிந்து அந்த முழங்காலைப் பார்த்தாள். சிராய்ப்பு எப்போதோ ஆறிப்போயிருந்தது. தழும்புகூட இல்லை. பிள்ளையின் குட்டி நகங்கள் அங்கேயே, அங்கேயே கீறிக்கொண்டிருந்தன.

"என்னா கண்ணு பண்ணுது?"

"குறுகுறுங்குது ஆயாம்மா."

அவள் வாசலுக்கு ஓடினாள். "கலா! ஏ கலாராணி!" என்று கத்தினாள். இப்போது சொல்லிவிடுவாள், பட்டியைச் சொல்லுவாள், விரலைச் சொல்லுவாள், எல்லாவற்றையும் சொல்லுவாள். பனி மலையை மூடிவிட்டிருந்தது. மேலே எங்கோ பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

பன்னிரண்டு பிள்ளைகளை விட்டு மலையேற முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்து, கடைசியில் அவள் உள்ளே வந்தபோது மணி பத்தாகியிருந்தது.

பிள்ளைகள் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். கோப்பைகளை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அவள் மற்றவர்களுக்கு ஊற்றிவிட்டு, நிலக்ஷனாவின் கோப்பையில் பாதிதான் ஊற்றினாள். பால் விழுந்த சத்தம். பிள்ளையின் தோள் ஒருமுறை குலுங்கியது.

"குடிடா ராசாத்தி. ஒரு வாய். ஆயாம்மாவுக்காக ஒரே ஒரு வாய்."

பிள்ளை இரண்டு கையாலும் கோப்பையை வாங்கியது. உதடு வறண்டு வெடித்திருந்தது. கண் கோப்பையை விட்டு அகலவில்லை. அந்தப் பார்வையை செபஸ்தியம்மா ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். கட்டிலுக்கு அடியில்.

கோப்பை வாய்க்குப் போனது.

கழுத்து பின்னால் போனது.

மறுபடியும் வாய்க்கு. மறுபடியும் பின்னால்.

தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரத்து. நடுவில் உடைந்து.

மற்றப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒருவன் அதேபோலத் தானும் செய்து காட்டினான். திறந்த கதவு வழியே பனிக்காற்று வீச, நிலக்ஷனாவின் உடம்பு முழுதும் வெட்டி இழுத்தது. கோப்பை உருண்டது. பால் பாயில் ஓடியது.

"தாகமா இருக்கு ஆயாம்மா. தண்ணி தாங்க" என்றாள் குழந்தை, ஓடிவரும் பாலிலிருந்து காலை இழுத்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒடுங்கி.

பதினொரு பிள்ளைகளும் சிரித்து முடித்துத் தங்கள் பாலைக் குடிக்கத் தொடங்கினார்கள். சளப். சளப்.