பிசிறில்லாத வாக்குமூலம்

அழுத கண்ணோடு யாராவது மாடிப்படி ஏறினால் போதும், கீழே பல் டாக்டருக்கு வேலை ஓடாது. அன்றும் ஒருவரின் கடைவாய்ப் பல்லை அவசர அவசரமாகத் தற்காலிகமாய் அடைத்து, "மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் மேலே ஓடினார். மாடியில் அவர் மனைவி துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். நீதிமன்றத்தில் வெகுகாலம் சுருக்கெழுத்தராக இருந்து, சாட்சிகள் சொன்னதையும் மென்று விழுங்கியதையும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவளுடையது. அந்தக் காதைப் பற்றி டாக்டருக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமல்ல.

வந்திருந்தவள் வானொலியில் பேட்டி எடுப்பவள். பக்கத்தில் அவள் அம்மா.

"வந்து... கப்பல் கட்டுற தளத்துல வேலை பார்த்த பெரியவங்க பேட்டி... வந்து, நான்தான் எடுத்தேன். அது மொத்தமும்... ம்... அழிஞ்சு போச்சு. நான் வந்து... அழிக்கலை மேடம்."

"இவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்" என்று அம்மா குறுக்கிட்டாள். "நேத்து பதிவெல்லாம் காணாம போச்சு. கொஞ்ச நேரத்துல இவ போன்லேருந்து நிலைய இயக்குநருக்கு ஒரு குரல் செய்தி போயிருக்கு. அப்ப போன் பூட்டுப் போடாம வெளி மேஜையில சார்ஜ்ல இருந்திருக்கு, இவ ஒலிப்பதிவு அறைக்குள்ள. இன்னைக்குச் சாயந்திரம் ராஜினாமா எழுதிக் கொடுக்கணுமாம். இந்தக் கெட்ட பேரோட வெளிய வந்தா இவளை எந்த நிலையத்துல சேர்ப்பாங்க?"

மகளின் போனை வாங்கி அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டினாள். குரல் தெளிவாக வந்தது.

"பேட்டிகளை நான்தான் அழிச்சேன். தெரிஞ்சுதான் செஞ்சேன். மன்னிச்சிடுங்க. இனிமே வேலைக்கு வரமாட்டேன்."

"இது உங்க பொண்ணு குரலா?" என்று கேட்டாள் துப்பறிபவள்.

"குரல் அவளுதுதான்" என்றாள் அம்மா. "ஆனா இவ்வளவு நல்லா அவ என்னைக்கும் பேசினதில்லை."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இயக்குநருடைய அப்பாவும் கப்பல் தளத்துக்காரர்தான், இன்னும் ஒலிபரப்பாகாத அவருடைய பேட்டியும் அழிந்தவற்றில் ஒன்று, அவர் போன மாதம்தான் காலமானார் என்பதையெல்லாம் அவள் திக்கித் திணறிச் சொன்னாள். நிலையத்தில் அப்போது வேறு யார் இருந்தார்கள் என்று துப்பறிபவள் கேட்டாள். பலகுரல் கலைஞர் ஒருவர், ஒலித்தொகுப்பாளர் ஒருவர். தொகுப்பாளருக்கு அங்கே 'கத்தரி' என்று பட்டப்பெயர்.

"அம்மாவே 'அவளுது'ன்னு சொல்ற அளவுக்கு வேற யாரால பேச முடியும்?" என்றார் டாக்டர், நிலையத்துக்கு வண்டியில் போகும்போது. "பலகுரல்தான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"இருக்குங்க. முதல்ல கையுறையைக் கழட்டுங்க" என்றாள் மனைவி.

இயக்குநரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். இயக்குநர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. துப்பறிபவள் அந்தச் செய்தியைப் போட்டாள். அடுத்து, காலையில் பேட்டிக்காரியின் அனுமதியோடு தன் கைபேசியில் பதிந்திருந்த அவளுடைய புலம்பலையும் போட்டாள். ஒவ்வொரு 'வந்து'வுக்கும் பலகுரலின் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. 'பார்த்தியா, இவன்தான்' என்று டாக்டர் மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். அவள் பார்வையோ கத்தரியின் கை மேல் இருந்தது. ஒவ்வொரு 'வந்து'வுக்கும், ஒவ்வொரு 'ம்'முக்கும் அவர் ஆள்காட்டி விரல் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஏதோ தாளம் போடுகிறார் போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்தார்.

"எல்லாரும் என்னையேதான் பார்க்கிறீங்க" என்றார் பலகுரல். "நான் இவங்களை மாதிரி பேசினா, முதல்ல போடுறது அந்த 'வந்து'தான் மேடம். அது இல்லாட்டி ஒருத்தரும் சிரிக்கமாட்டாங்க."

"அதனாலதான் உங்களை நான் சந்தேகப்படலை. இவங்களையும் சந்தேகப்படலை. தண்ணி கேக்கவே நாலு 'வந்து' போடுறவங்க, பயந்து நடுங்குற நேரத்துல ஒண்ணுகூட இல்லாம பேசுவாங்களா?"

"நான் வாராவாரம் நிகழ்ச்சியைக் கேக்கறேன்" என்றார் இயக்குநர். "இவங்க இப்படித்தான் சுத்தமா பேசுவாங்க."

"நீங்க கேக்கறது ஒலிபரப்பானதை. அதுக்கு முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்து எல்லாப் பிசிறையும் வெட்டி எடுத்துடறார்." அவள் கத்தரியின் பக்கம் திரும்பினாள். "பழைய நிகழ்ச்சிகள்லேருந்து வார்த்தை வார்த்தையாப் பொறுக்கி ஒட்டி, வெளி மேஜையில கிடந்த இவங்க போன்லேருந்து அனுப்பியிருக்கீங்க. தையல் தெரியாத வேலை, பிரமாதம். நடுவுல ஒரே ஒரு 'வந்து'வையும் சேர்த்திருந்தா நான் தோத்திருப்பேன். ஆனா உங்க கை அதை விடாது. இப்பக்கூட மேஜை மேல வெட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

கத்தரி தன் விரலைப் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இடம் போதலைன்னு பழசை அழிச்சேன் சார். கணினித் தட்டு மாறிப் போச்சு. உங்க அப்பா பேட்டியும் போயிடுச்சுன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன்? பயத்துல புத்தி கெட்டுப் போச்சு." பேட்டிக்காரியைப் பார்த்து, "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லைம்மா" என்றார்.

இவ்வளவு நாள் கூட வாழ்ந்தும் இவளிடம் இன்னும் வாய் பிளக்க வேண்டியிருக்கிறதே என்று டாக்டர் மனைவியைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்.

துப்பறிபவள் பேட்டிக்காரியின் தோளைத் தொட்டாள். "கோர்ட்டுல நான் கண்டது இதுதான்மா. பொய்யை உருப்போட்டு வந்தவன் தடுமாறவே மாட்டான். உள்ளதைத் தேடி எடுக்கிறவன்தான் தடுமாறுவான். அந்தப் பெரியவங்க உங்ககிட்ட மனசு விட்டுப் பேசினாங்கன்னா, நீங்க தடுமாறினதைப் பார்த்துத் தாங்களும் தடுமாறலாம்னு தைரியம் வந்திருக்கும். இதுக்குப் போய்த் தலையைக் குனியாதீங்க."

இயக்குநர் எழுந்து பேட்டிக்காரியைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பு என்னோடது. நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றார். பிறகு சன்னலோரம் போய் நின்றார். "அப்பா குரல் மட்டும் போனது போனதுதான்."

"சார்" என்றார் கத்தரி, மெல்ல. "வெட்டி எடுத்த துண்டையெல்லாம் நான் தூக்கிப் போடுறதில்லை. ஒவ்வொருத்தர் பேர்லயும் என் கணினியில தனியா கிடக்கு. பேச்சு இல்லை. வெறும் கழிவுதான்."

தொகுப்பு அறையில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். கத்தரி ஒரு பொத்தானை அழுத்தினார். ஒரு கிழவரின் தொண்டைச் செருமல். "அது... வந்து..." ஒரு பெருமூச்சு. "என்னத்தைச் சொல்ல... ம்..." மறுபடி செருமல். இயக்குநர் ஒலிபெருக்கியின் மேல் கையை வைத்தார். "அப்பா ஒண்ணைச் சொல்றதுக்கு முன்னாடி இப்படித்தான் இழுப்பார்" என்றார். "சீக்கிரம் சொல்லுங்கன்னு நான் கத்துவேன்."

கிழவர் மறுபடி இழுத்தார். "அதாவது... வந்து..."

"ம், சொல்லுங்கய்யா" என்றாள் பேட்டிக்காரி, தன்னை மறந்து.

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொல்லப் போவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.