மொத்தம் வந்தால்தான் பூட்டு

மதியத்திலிருந்தே தமிழரசுவின் விரல்கள் மரத்துக் கிடந்தன. ஏசிக்கு நேர்கீழே நாற்காலி; நாள் முழுக்கத் தட்டியதில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை நரம்பு இழுத்தது. அம்பத்தூர் ஆபீஸில் மற்றவர்கள் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவன் திரையில் ஒரு கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது.

செம்பரம்பாக்கத்து மீன் கோல்டு ஸ்டோரேஜின் கட்டம். லோடுமேன்களின் வேலை நேரத்தை அவன் பராமரிக்கும் வெப்சைட் எங்கும் சேமித்து வைப்பதில்லை. கேட்கும்போதுதான் ஒவ்வொருவருக்கும் வெளியே போன நேரத்திலிருந்து உள்ளே வந்த நேரத்தைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும். ஒருவருக்குப் போன நேரமே இல்லை. கழிக்க முடியாமல் மொத்தக் கூட்டலும் நின்றுவிட்டது.

ஸ்டோரேஜ் சூப்பர்வைசர் நாகேந்திரன் போனில் கத்தினார். "இன்னா நைனா, மொத்தம் வந்தாத்தானே நான் கதவைப் பூட்ட முடியும்?"

"கன்னியப்பன்னு ஒருத்தர் வெளிய போன பதிவு இல்லண்ணே."

"அவனா? கார்டு தேய்க்காமயே ஓடுவான். இந்நேரம் மாமியார் ஊட்ல கரும்பு கடிச்சிகினு இருப்பான். சைபர் போட்டுக் கூட்டு நைனா."

ஒரே வரி. காலியாக இருந்தால் சைபர் என்று வைத்துக்கொள். எழுதினான். மொத்தம் வந்தது. போனுக்குள் இரும்புக் கதவு தேய்ந்து மூடிக்கொள்ளும் சத்தம், தாழ் விழும் சத்தம், அதற்கும் பின்னால், மெதுவாக, டொக். டொக்.

"அண்ணே, அது என்ன சத்தம்?"

"ஐஸு விரியுது. போய்ப் பொங்கலைக் கொண்டாடு."

வெள்ளானூர் வீட்டில் மனைவி தாட்சாயிணி அவன் கையைத் தொட்டுச் சட்டென்று விட்டாள். "என்னங்க, இப்படிச் சில்லிட்டுக் கெடக்கு?" அவன் நாகேந்திரனுக்குத் திரும்பத் திரும்ப அடித்தான். சுவிட்ச் ஆஃப். பூந்தமல்லி வழியாகச் செம்பரம்பாக்கம் போய்ப் பார்த்துவர வண்டி இருந்தது. பெட்ரோலும் இருந்தது. ஊருக்குத்தான் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டு சோறு தின்றான்.

விடுமுறை முடிந்து ஸ்டோரேஜைத் திறந்தபோது கன்னியப்பன் உள்ளே கதவோடு சாய்ந்து உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து கதவைத் திறக்கும் தள்ளுகம்பி எப்போதோ உடைந்தது. விரல்முட்டிகளில் தோல் இல்லை.

தமிழரசு அந்தச் சைபர் வரியை அழித்தான். கட்டம் மறுபடி காலியாக வேண்டும். ஆகவில்லை. கன்னியப்பன் பெயருக்கு நேரே நேரம் ஏறிக்கொண்டிருந்தது. போன நேரம் இல்லை. ஆனாலும் ஏறியது. மொத்தமும் ஏறியது.

சாயங்காலம் வீட்டில் தண்ணீர் எடுக்க எழுந்தான். மீன் கவிச்சி. ஈரச் சாக்கு நாற்றம். ஃபிரிட்ஜுக்குள். டொக். டொக்.

கைப்பிடியைத் தொட்டான். உள்ளேயிருந்து கதவு தள்ளியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். விடவில்லை.

கன்னியப்பனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட வேண்டியது இன்னும் பாக்கி.