தண்ணீர்க் குழி

ஆய்வுத் தட்டில் தண்ணீர் மட்டும் ஊற்றிய சிறு குழியில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது.

அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. உறைபெட்டிகளின் ஓயாத முனகலும், கையுறைக்குள் வியர்த்த விரல்களின் ரப்பர் வாடையும், ஜன்னல் வழியே தரையில் நீண்டு கிடந்த வெயிலும்தான் துணை. இந்தப் பெரிய மெஷின் ஒவ்வொரு மாதிரியையும் இருபதாயிரம் துளிகளாகப் பிரித்துப் பார்க்கும். மரபணு மாற்றம் உள்ள துளி மட்டும் ஒளிரும். வெறும் தண்ணீரில் எதுவும் ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் மற்ற முடிவுகளையும் நம்ப முடியாது.

பக்கத்துக் குழியில், பள்ளியில் அவளுக்குப் பாடம் எடுத்த டீச்சரின் ரத்தம். அதில் பதினொரு புள்ளிகள்.

மூன்று வாரத்துக்கு முன் அதே ரத்தத்தைச் சாதாரண பிசிஆர் சோதனையில் போட்டு, 'மாற்றம் இல்லை' என்று எழுதியவள் அவள்தான். இவ்வளவு குறைவாக இருந்தால் அந்த முறையில் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பெரிய மெஷினுக்குச் சீனியரிடம் அனுமதி கேட்க வேண்டும். முன்பு ஒருமுறை கேட்டபோது, "பஸ்ல போற தூரத்துக்கு மேடம் ஃப்ளைட் கேக்குறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

டீச்சர் படுத்த படுக்கையாக இருந்ததால், ரிப்போர்ட் வாங்க வந்தவர் அவருடைய கணவர்.

"இல்லைன்னு போட்டிருக்கே, நல்லதுதானேம்மா?"

மாற்றம் இருந்தால்தான் டீச்சரின் புற்றுநோய்க்கு மாத்திரை கொடுப்பார்கள். இல்லையென்றால் கிடையாது. அவள் தலையாட்டினாள். அவர் கைகூப்பினார்.

நினைக்கும்போதே காது மடல் சுட்டது.

புதிய தண்ணீர். புதிய தட்டு. மேசையை ப்ளீச்சால் துடைத்தாள். நான்கு மணி நேரம் காத்திருந்தாள்.

தண்ணீரில் நானூறு புள்ளிகள்.

சீனியருக்கு போன் செய்தாள்.

"என்னம்மா, லீவு நாள்ல?"

"சார், தண்ணியில பாசிட்டிவ் வருது."

"தண்ணியிலயா? தும்மிட்டியா என்ன?" சிரித்தார். "ஆமா, யாரோட சாம்பிள்?"

இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்.

"யாரோடதும் இல்ல சார். சும்மா பழகிப் பாக்குறேன்."

"சரி, சரி. முடிச்சுட்டு எல்லாத்தையும் அழிச்சுடு."

அழித்தாள். நானூறையும். பதினொன்றையும்.

டிக்.

தட்டிலிருந்து வந்த சத்தம். தண்ணீர்க் குழியை மூடியிருந்த மெல்லிய அலுமினியத் தாள் மேலே உப்பியது. மெதுவாகத் தாழ்ந்தது. மறுபடி உப்பியது.

சூடு ஆறுகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். தொட்டுப் பார்த்தாள்.

தட்டு சில்லிட்டிருந்தது.

டிக். அடுத்த குழி. அதற்கடுத்தது. எதுவும் ஊற்றாத குழிகள். டிக். டிக். வரிசை வரிசையாக. தொண்ணூற்றாறு குழிகளும்.

பிறகு எல்லாம் ஒன்றாக. எழுந்து, தாழ்ந்து. படுக்கையில் கிடக்கும் ஒருத்தியின் மார்பு போல.

எழுந்தது.

தாழ்ந்தது.

எழுந்தது.

தாழவில்லை.