காணாமல் போன இடக்கை ஆட்டக்காரன்

குகதாசன் கதவுமணியை அடித்தபோது இராஜேந்திரன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தேநீருக்குக் காத்திருந்தான். மினிகாப் ஓட்டுகிறவன் அவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் வெஸ்ட் ஈலிங்கில் அக்கா வீடே கதி. அக்காவின் கைச்சமையல் அதற்கு ஒரு காரணம். அத்தான் அம்பலவாணனிடம் யாராவது ஒரு மர்மத்தைக் கொண்டுவர மாட்டார்களா என்ற நப்பாசை மற்றக் காரணம். அம்பலவாணன் கொழும்பில் காப்புறுதிக் கம்பனியொன்றில் பொய்க் கோரிக்கைகளைத் துருவிப் பிடித்தவர். லண்டனுக்கு வந்து தபாற்கந்தோரில் வேலை செய்தாலும் சனம் அவருடைய பழைய உத்தியோகத்தை மறக்கவில்லை.

குகதாசன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் ஒரு தடித்த அல்பத்தை மேசையில் விரித்தார். கறுப்புப் பக்கங்களில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் படஅட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் மிட்டாய்ப் பக்கற்றுக்குள் வந்தவை. ஒரு பக்கத்தின் நடுவில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

"களவு போட்டுது அண்ணை," என்றார். "ஆர் எடுத்ததெண்டும் எனக்குத் தெரியும். நீங்கள் அதை அவன்ரை வாயாலை சொல்ல வைக்கோணும்."

அவன் என்பது வெம்பிளி ஆனந்தராஜா. இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே மிட்டாய்க் கடையில் அட்டை பொறுக்கியவர்கள். அந்த நாளிலிருந்தே இருவருக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. முதலில் வந்த அட்டைகள் வெள்ளைக் கரை போட்ட ஓவியங்கள். பிறகு வந்தவை நிறக் கரை போட்ட புகைப்படங்கள். குகதாசனுக்கு ஓவியம்தான் உயிர். புகைப்படத்தில் ஓர் ஆளைத்தான் காணலாம், ஓவியத்தில் நாங்கள் விரும்பின ஆளைக் காணலாம் என்பார். ஆனந்தராஜாவோ புகைப்படக் கட்சி. போன ஞாயிற்றுக்கிழமை குகதாசன் வீட்டில் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டே இந்த வழக்கை மறுபடி எடுத்தார்கள். "இதென்ன கீறல்? இந்த முகத்தைப் பாத்தால் பெத்த தாய்க்கும் ஆளைத் தெரியாது," என்று ஆனந்தராஜா சிரித்திருக்கிறார். குகதாசன் கோபத்தில் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார். புதன்கிழமை அல்பத்தைத் திறந்தபோது அட்டையைக் காணவில்லை.

எந்த அட்டை என்று அம்பலவாணன் கேட்டார்.

"ஒரு இடக்கைத் துடுப்பாட்டக்காரன். பெரிய பேரில்லை, மூலையும் மடிஞ்சது. ஆனால் நிமலனுக்கு அதுதான் விருப்பம். அவனும் இடக்கைப் பெடியன்."

இராஜேந்திரன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டான். குகதாசனின் மகன் நிமலனின் கதை லண்டனில் அவர்களைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்தபோது, இந்த அல்பத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்மதில் ஏறிக் குதித்தவன் அவன். அடுத்த வருடம் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து அவனை இறக்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. குகதாசன் மட்டும் மகனைப் பற்றி எப்போதும் 'இருக்கிறான்' என்றே பேசுவார். அவர் முன்னால் வேறு விதமாகப் பேச யாருக்கும் துணிவு வந்ததில்லை.

"அவன் வந்து, அப்பா, என்ரை கிரிக்கெட் காட் எங்கையெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார் குகதாசன்.

அம்பலவாணன் அல்பத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அட்டையைப் பிடித்திருந்த நான்கு காகித மூலைகளும் கிழியாமல் இருந்தன. அதே பக்கத்தில், சேகரிக்கிறவர்கள் கனவு காணும் அணித்தலைவர் அட்டை தொடப்படாமல் அப்படியே கிடந்தது. வெறும் இடத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு வெள்ளைத் தடம். அவர் அதை விரலால் தொட்டு முகர்ந்துவிட்டு, குகதாசனின் வெறும் நெற்றியை ஒருதரம் பார்த்தார். பிறகு ஆனந்தராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார். பேச்சு நீளவில்லை.

"என்னவாம்?" என்றான் இராஜேந்திரன்.

"தான்தான் எடுத்ததெண்டு குகன் நினைச்சால் நினைக்கட்டுமாம். குகன்ரை மனிசி சிவனேசு சாப்பிட்டுதோ எண்டு கேட்டவர்."

இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா என்று இராஜேந்திரனுக்குக் கை துருதுருத்தது. அத்தானோ முதலில் தோர்ண்டன் ஹீத்துக்குக் காரை விடச் சொன்னார். வழி நெடுக இராஜேந்திரன் தன் கண்டுபிடிப்பை அவிழ்த்தான்: வழக்கில் தோற்றவன் பழி தீர்க்க எடுத்திருக்கிறான். பழி தீர்க்க வந்தவன் கிழியாமல் எடுப்பானா என்று மட்டும் அத்தான் கேட்டார். குகதாசன் பின்சீற்றில் அல்பத்தை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தார்.

வீட்டில் குகதாசனின் மனைவி சிவனேஸ்வரி தேநீர் கொண்டுவந்தார். நெற்றி நிறையத் திருநீறு. குகதாசன் மகன் போன நாளிலிருந்து சுவாமி அறைப் பக்கம் போவதில்லை. அந்த வீட்டில் திருநீறு பூசுவது சிவனேஸ்வரி ஒருவர்தான். சுவரில் உறவினரின் கலியாணப் படங்களும் அவர்களின் பிள்ளைகளின் படங்களும் தொங்கின. நிமலனின் படம் ஒன்றுகூட இல்லை. அம்பலவாணன் கேட்டபோது, எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டதென்றும், மிஞ்சின ஒரு பாஸ்போட் படத்தையும் மகனைத் தேடித்தரும்படி எழுதின மனுவோடு ஒட்டிக் கொடுத்ததென்றும், அது திரும்பி வரவில்லையென்றும் குகதாசன் சொன்னார். பிறகு பேச்சை மாற்றுவதுபோல, திங்கட்கிழமை ஆட்டிறைச்சி வாங்கி வந்தும் சிவனேசு மரக்கறிதான் சமைத்தது, வெள்ளிக்கிழமைகூட இல்லை என்று குறைப்பட்டார். சமைத்து வைத்துவிட்டு வேலைக்கென்று போய் இருட்டித்தான் வந்ததாம்.

அம்பலவாணன் சுவரிலிருந்த பஞ்சாங்கக் கலண்டரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு தானே குசினிக்குள் போனார். கதவிடுக்கால் இராஜேந்திரனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அத்தான் மெல்ல ஏதோ கேட்டார், சிவனேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நெடுநேரம் நின்றார், கடைசியில் தலையாட்டினார்.

வெளியே வந்தபோது அத்தானின் முகம் கறுத்திருந்தது. களவைக் கண்டுபிடித்தவரின் முகம் அதுவல்ல.

"ஆளைப் பிடிச்சிட்டியளோ?" என்று இராஜேந்திரன் குசுகுசுத்தான்.

"பிடிச்சிட்டன். சொல்லாமல் விட்டால் இந்த மனிசன் சிநேகிதனை இழப்பார். சொன்னால் மகனை இழப்பார்," என்றார் அம்பலவாணன். "சொல்லட்டுமோ எண்டு சிவனேசைத்தான் கேட்டுட்டு வாறன்."

நால்வரும் வெம்பிளி போய்ச் சேர்ந்தபோது ஆனந்தராஜாவின் மனைவி இம்மாகுலேற் கதவைத் திறந்தார். சிவனேஸ்வரியைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். எல்லாரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். குகதாசன் மட்டும் ஆனந்தராஜாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"குகதாசன், களவெடுக்கிறவன் விலைபோற அட்டையைத்தான் எடுப்பான்," என்று அம்பலவாணன் நிதானமாகத் தொடங்கினார். "இது அணித்தலைவரை விட்டிட்டு, மூலை மடிஞ்ச ஒரு இடக்கைக்காரனை எடுத்த கை. கிழியாமல், நோகாமல் எடுத்த கை. அந்தக் கையிலை திருநீறு இருந்தது. ஆனந்தராஜா வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவர், திருநீறு பூசுறேல்லை. நீங்களும் இப்ப பூசுறேல்லை."

குகதாசன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை அமாவாசை. உங்கடை கலண்டரிலை கிடக்கு. இறைச்சி இருக்க மரக்கறி சமைச்ச நாள் அதுதான். என்ன திதி எண்டு தெரியாத ஆக்களுக்கு நாங்கள் அமாவாசையிலைதானே திவசம் செய்யிறனாங்கள்." அம்பலவாணனின் குரல் இறங்கியது. "படைக்கிறதெண்டால் முன்னாலை ஒரு படம் வைக்கோணும். அந்தப் பிள்ளையின்ரை படம் ஒண்டும் இல்லை. உங்கடை வீட்டிலை அந்தப் பேச்சே எடுக்க ஏலாது. அதாலை சிவனேசு இஞ்சை வந்தது."

இம்மாகுலேற் எழுந்துபோய் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டார். மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்ன மேசை. அதில் அணைந்த குத்துவிளக்கு, வாடின செவ்வந்திப் பூ, நடுவில் கண்ணாடியில்லாத ஒரு சின்னச் சட்டம். சட்டத்துக்குள் வெள்ளைக் கரை போட்ட ஓவியம்: இடக்கையால் மட்டையை ஓங்கி நிற்கிற ஓர் இளைஞன். நெற்றியில் சந்தனப் பொட்டு. அட்டை சேகரிக்கிறவன் எவனும் பார்த்தால் வயிற்றில் அடித்துக்கொள்ளும் பொட்டு.

சிவனேஸ்வரி நிலத்தைப் பார்த்தபடி பேசினார். "திரும்பக் கொண்டுவந்து வைக்கத்தான் நினைச்சனான். சட்டத்துக்குள்ளை வைச்ச பிறகு வெளியிலை எடுக்க மனம் வரேல்லை. அந்த நிக்கிற நிலை அவனேதான். மற்ற வரிசையிலை ஆக்களின்ரை முகம் சரியாத் தெரியுது. அதுகள் ஆற்றையோ பிள்ளையள். இதிலைதான் எனக்கு அவன் தெரிஞ்சவன்."

ஆனந்தராஜா அப்போதும் தனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனிதர் ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகக் கள்ளன் என்ற பேரை வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். காரில் தான் அவிழ்த்துக் கொட்டியதை நினைக்க இராஜேந்திரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

குகதாசன் சட்டத்தைக் கையில் எடுத்தார். பொட்டைத் துடைப்பார் என்று இராஜேந்திரன் நினைத்தான். அவர் துடைக்கவில்லை. வாசிக்கிறவர்போல முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். தோள்கள் குலுங்கின. மனைவி எழுந்து வந்து பக்கத்தில் நின்றபோதும் அவரால் அழுகையை அடக்க முடியவில்லை.

"ஆனந்தன்," என்றார் கடைசியில். "நீ அண்டைக்குச் சொன்னது பிழையடா. பெத்த தாய்க்கு ஆளைத் தெரிஞ்சிருக்கு."

ஆனந்தராஜா வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது சட்டம் சிவனேஸ்வரியின் மடியில் இருந்தது. அல்பத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, குகதாசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அடுத்த அமாவாசை எப்ப என்று கேட்டார். சிவனேஸ்வரி சொன்னார்.

"வீட்டிலை செய்வம்," என்றார் குகதாசன். "எள்ளும் தண்ணியும் நான் இறைக்கிறன். அவன் இருந்தால் எனக்கு இறைச்சிருப்பான்."

இருந்தால் என்று அவர் சொன்னதை இராஜேந்திரன் கேட்டான். அத்தானும் கேட்டிருப்பார். இராஜேந்திரன் காரை மெல்ல ஓட்டினான்.