சுவருக்குள்ளே ஒரு சாமி!

டிரிங்... டிரிங்...!

கிள்ளான் போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் யுகேந்திரன் போனை எடுத்தார். மத்தியானம் சாப்பிட்ட கை இன்னும் காயவில்லை.

"சார்... என்னை உயிரோட உள்ள வெச்சு சுவர் கட்டுறாங்க!"

"யாருங்க பேசறது?"

"சாமி."

"எந்தச் சாமி?"

"பண்டமாரான் சாமி. சீக்கிரம் வாங்க சார், நெஞ்சு வரைக்கும் கட்டிட்டாங்க!"

யுகேந்திரனுக்கு அந்த ஆளைத் தெரியும். சுகுமாறன். துறைமுகத்தில் லோரி ஓட்டியவன். ஒருநாள் நடுரோட்டில் லோரியை நிறுத்தி, மேலே ஏறி, வானத்தோடு பேச ஆரம்பித்தான். பின்னால் நின்ற கார்க்காரர்கள் 'பைத்தியம்' என்றார்கள். அடுத்த வருஷம் அதே பேச்சை வீட்டுக் கூடத்தில், மாலை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து பேசினான்.

ஞானி!

பேச்சு அதேதான். நாற்காலிதான் புதுசு.

ஜீப் பண்டமாரானுக்குப் பறந்தது. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே...

ஐயோ! கூடம் முழுக்க உடல்கள்!

ஆணும் பெண்ணும் குறுக்கும் நெடுக்குமாக. வாயோரம் சர்க்கரைப் பொங்கல். விஷமா?

யுகேந்திரன் ஒருவர் மூக்கில் விரலை வைத்தார். மூச்சு வந்தது. கூடவே குறட்டையும்!

பின்னறையிலிருந்து... சர்ரக்... சர்ரக்...

சாமியின் பக்தர் மன்றத் தலைவர் சபாபதி. ஒரு கையில் செங்கல், மறு கையில் கொத்துக்கரண்டி. அறை வாசலை அடைத்து ஈரச் சுவர். அதற்கு மேலே சாமியின் இரண்டு கண்கள்!

"கரண்டியைக் கீழ போடுங்க!"

"இருங்க அண்ணே, நல்ல நேரம் முடியுது. சாமி ஜீவசமாதி ஆவுறாரு."

"அவரே போன் போட்டுக் காப்பாத்துங்கன்னாரே!"

"அது லீலை லா."

"பயந்து அழறாரே!"

"அதுவும் லீலை."

"சிரிச்சா?"

"அருள்!"

யுகேந்திரன் சாமியைப் பார்த்தார். "சுவத்தைத் தள்ளிட்டு வர வேண்டியதுதானே?"

"தள்ளினேன் சார். 'திருக்கை பட்ட கல்லு'ன்னு அதைப் பூஜைக்கு எடுத்து வெச்சுட்டாங்க!"

இன்ஸ்பெக்டர் சபாபதி பக்கம் திரும்பினார். "எல்லாரும் மயங்கிக் கிடக்க, நீங்க மட்டும் எப்படி முழிச்சிருக்கீங்க? பொங்கல்ல கலந்தது நீங்கதானே?"

"எனக்கு இனிப்பு நீர் வியாதி அண்ணே. பொங்கலைத் தொடவே மாட்டேன்."

"நான்தான் சார் கலந்தேன்!"

சமையல்கட்டு வாசலில் சுகுமாறனின் மனைவி வாணி. விலங்கு மாட்டச் சொல்வதுபோல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கிளினிக்குல இவருக்குக் கொடுத்த மாத்திரை சார். சாமிக்கு எதுக்கு மருந்துன்னு பிடுங்கி வீசினாங்க. அதான் மறுபடி வாங்கி, தினமும் பொங்கல்ல பொடிச்சுப் போட்டேன். இவரு ஒரு வாய்தான் தின்னுவாரு. மிச்சத்தைப் பிரசாதம்னு இந்தக் கூட்டம் வழிச்சுத் தின்னுடும்!"

"அப்புறம்?"

"மனசு லேசாவுது, எல்லாம் சாமி அருள்னு ஊரெல்லாம் சொல்லி இன்னும் ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க!"

"இன்னைக்கு?"

"இருந்ததை எல்லாம் கொட்டிட்டேன். தூங்கிட்டா சுவர் யாரு கட்டுவா? பாழாப்போன இனிப்பு நீரை மறந்துட்டேன் சார்!"

யுகேந்திரன் ஓங்கி ஒரு உதை விட்டார். சுவர் பொலபொலவென்று சரிந்தது. சாமி ஓடி வந்து மனைவிக்குப் பின்னால் ஒளிந்தார்.

"வாணி, ஆஸ்பத்திரிக்குப் போலாம். மறுபடியும் காதுல குரல் கேக்குது."

சபாபதி அதிர்ந்தார். "சாமி! நீங்கதானே கட்டச் சொன்னீங்க?"

"நான் எப்போ சொன்னேன்?"

"நான் வீட்டுல படுத்திருக்கப்போ ராத்திரி ராத்திரி வந்து என் காதுல சொல்லுவீங்களே... இதோ, இப்பக்கூட..."

தலையைச் சாய்த்துக் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"சரி சாமி. அப்படியே செய்றேன்."

"என்ன சொல்றாரு?" என்றார் யுகேந்திரன்.

"உங்களையும் உள்ள வெச்சுக் கட்டணுமாம்!"

கரண்டி உயர்ந்தது! யுகேந்திரன் பாய்ந்து அந்தக் கையை முறுக்கினார்...

ஆம்புலன்ஸ்கள் வந்தன. தட்டி எழுப்பப்பட்ட ஒரு பக்தை கொட்டாவி விட்டாள். "இந்தம்மா மேல புகாரா? எதுக்கு அண்ணே? இப்படித் தூங்கி எத்தனை வருஷமாச்சு!"

வாணி நீட்டிய கையை மெல்ல இறக்கினாள்.

"மனநல வார்டுக்கு யாரு பாஸ்?" என்றான் ஆம்புலன்ஸ்காரன்.

"ரெண்டு பேரு. சாமி தனக்கு உடம்பு சரியில்லைன்னு ஒத்துக்கிட்டாரு, முன் சீட்டுல உட்கார வைங்க. பக்தருக்கு இன்னும் ஞானம் வரலை... பின்னால படுக்கப் போட்டுக் கட்டுங்க!"