சொல் புறப்பட்ட வாய்

நீங்கள் சொன்ன ஒரு சொல், உங்களை விட்டுப் போன பிறகு யார் யார் வாயில் குடியிருந்தது என்று தேடிப் பார்த்திருக்கிறீர்களா?

சாந்தவிளையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு சுவரிலும் ஒரு செவிப்பொறி உண்டு. முதலில் திருடனைப் பிடிக்கத்தான் பொருத்தினார்கள். முப்பது வருடப் பேச்சு அதில் சேர்ந்த பிறகு வேர்காட்டி வந்தது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் போதும், அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பலகையில் மரம்போல வரைந்து காட்டும். சொற்கள் மாறியிருந்தாலும் கருத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகும். "யாரோ சொன்னாங்க" என்று அதன் பிறகு ஒருவரும் தப்பிக்க முடியவில்லை. வதந்தி ஒழிந்தது. பேசாமலிருந்த அண்ணன் தம்பிகள் பேசினார்கள். இரண்டு கல்யாணம் நின்றுபோனது.

வியாழக்கிழமை பட்டப்பகலில் செண்பகவடிவின் பலகாரக் கடை எரிந்தது. எரித்தவர்கள் நான்கு பேர். 'கர்த்தரின் வாள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். முன்னால் நின்ற கிதியோன் சாந்தவிளை ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவன். "பேய்க்குப் படைச்ச கை எரியட்டும்!" என்று அவன் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. கடைக்குள்ளிருந்து வெளியே ஓடி வந்த செண்பகவடிவின் வலது கை எரிந்துதான் போயிருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையின் ஐந்து மூப்பர்களும் கூடினார்கள்.

"அவன் கிறிஸ்தவனே இல்ல" என்றார் செயலாளர் எலியேசர். "எங்கியோ போயி விஷத்தக் குடிச்சிட்டு வந்து நம்ம வாசல்ல கக்கியிருக்கான். நம்ம கெணத்துத் தண்ணி சுத்தம்னு ஊருக்குக் காட்டணுமா வேண்டாமா?"

தீர்மானம் எழுதினார்கள். கிதியோன் சொன்ன சொல் எந்தெந்த வாயில் இருந்ததோ அந்தப் பெயர்களெல்லாம் சபைப் பதிவேட்டிலிருந்து நீங்கும். பதிவேடும் பொறிதான். ஐந்து மூப்பரும் விரல் வைத்துவிட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்குத் தானாக நடப்புக்கு வரும். அதற்குள் ரத்து செய்வதென்றால் அதே ஐந்து விரலும் வேண்டும்.

"மொதல்ல மரத்தப் பாத்துருவமே" என்றார் குருவானவர் ஜெபமணி. அவரும் மூப்பர்களில் ஒருவர்.

"வேண்டாம் ஐயா. பேரப் பாத்துட்டா நம்மாளுங்களுக்கு எரக்கம் வந்துரும். மொதல்ல விரல வைங்க."

வைத்தார்கள். கடைசி விரல் தொர்க்காள் டீச்சருடையது. முப்பத்தொரு வருடமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள்.

பிறகு வேர்காட்டியைத் திறந்தார்கள். கோடு ஊர் எல்லையைத் தாண்டிப் போகும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அது ஆலயத்தின் பின்னறைக்கு வந்து நின்றது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தீபாவளிக் காலை. ஏழு வயதுக் கிதியோனின் குரல்: "வடிவு அத்தை குடுத்தாங்க டீச்சர்." அதற்கு ஒரு பெண்குரல், அவ்வளவு அன்பாக: "வேண்டாம் செல்லம். அது பேய்க்குப் படைச்சது. கீழ போட்டுரு. டீச்சர் ஒனக்கு மிட்டாய் தாரேன்."

அது தொர்க்காளின் குரல்.

மரம் அதோடு நிற்கவில்லை. எலியேசர் வீட்டுச் சமையலறைக்கு ஒரு கிளை போனது. பாடகர் குழுவுக்கு ஒன்று. குருவானவரின் மேடைக்கே ஒன்று. பிள்ளைகள் வழியாகத் தெருத் தெருவாகப் படர்ந்தது. பலகையில் இடம் போதவில்லை.

"கெட்டுப்போன மிசினு!" எலியேசர் எழுந்துவிட்டார். "நாம என்ன தீயா வச்சோம்? பலகாரம் திங்காதன்னுதான சொன்னோம்? ரத்து பண்ணுங்க. கிதியோன் பேர மட்டும் அடிப்போம்."

ரத்துக்காக நான்கு விரல்கள் பதிவேட்டுப் பலகைக்கு வந்தன.

"நான் ஒரு எடம் போய்ட்டு வாரேன்" என்றாள் தொர்க்காள்.

"எங்க?"

"வடிவு வீட்டுக்கு."

"இப்பமேவா?"

"இருபத்திரெண்டு வருசம் பிந்திட்டு."

செண்பகவடிவு கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் தலை சீவப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சரா? வாங்க. காப்பி போட முடியாது, பாத்துக்கிடுங்க."

தொர்க்காள் சீப்பை வாங்கிக்கொண்டாள். சிக்கெடுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"தெரியும் டீச்சர்."

"வேர்காட்டில பாத்தியா?"

"அதுக்கு எதுக்கு மிசினு? பின்னறை சன்னலுக்கு வெளியதான நின்னேன். பய கீழ போட்டான். நீங்க அவன் கைய தண்ணி விட்டுக் கழுவுனீங்க. அதுதான் கொஞ்சம்..."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"என்னன்னு கேக்க? எம் மவளுக்கு வலிப்பு வந்தப்ப நீங்கதான தூக்கிட்டு ஓடுனீங்க. கெட்டவ சொல்லியிருந்தா பய அன்னைக்கே மறந்திருப்பான். நல்லவங்க சொன்னா பிள்ளைங்க நம்பும்லா."

தொர்க்காளின் கை நின்றது. "மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். வாய் வரல வடிவு."

"பின்னல முடிங்க மொதல்ல. பாதில விட்டா அவுந்துரும்." செண்பகவடிவு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவன நான் மன்னிக்கல. அத மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன்."

தொர்க்காள் பின்னலை முடித்து நுனியில் முடிச்சுப் போட்டாள்.

தொர்க்காள் ஆலயத்துக்குத் திரும்பியபோது நான்கு பேரும் பலகையில் வைத்த விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வைங்க டீச்சர்" என்றார் எலியேசர். குரல் கெஞ்சியது.

"வைக்க மாட்டேன் அண்ணாச்சி. அவன் செஞ்ச தப்புக்கு அவன் செயிலுக்குப் போகட்டும். ஆனா அவன் நம்ம ஆளு இல்லன்னு என்னால சொல்ல முடியாது. எங்கிட்ட படிச்ச பய. அவன வெளிய நிறுத்துனா நானும் அங்ஙனயே போயி நிக்கேன்."

"சபையே இல்லாமப் போயிருமே!"

"போவாது. திரும்பச் சேர வழி இருக்குல்லா? செஞ்சதச் சொல்லி, வாசல்ல நின்னு கேட்டுச் சேரணும். ஊருக்கெல்லாம் நாம அப்படித்தான சொல்லிக் குடுத்தோம்? ஒரு தடவ நாமளும் நின்னு பாப்போம்."

குருவானவர் பலகையிலிருந்து தன் விரலை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதிவேடு திறந்தது. இருநூற்றுப் பதினான்கு பெயர்களில் மூன்று மீதி இருந்தன. மூன்றும் இன்னும் பேச்சு வராத குழந்தைகளுடையவை.